குழாய் ஒண்டு சொல்லுது, துருசு இன்னொண்டு சொல்லுது

மூண்டு வருசம் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில வேலை செய்தனான், முடிஞ்சு இப்ப கொஞ்ச நாளாகுது. புரோபோசல்ல அதுக்குப் பெரிய பெயர், பல்துறை, நிலைபேறு, காலநிலை எல்லாம் வாற மாதிரி, முழுசாச் சொன்னா மூச்சு வாங்கும். ஊரில எங்களுக்கு வச்ச பெயர் "தண்ணி அளக்கிற பிள்ளையள்". அதுவே காணும்.

எந்தப் பல்கலைக்கழகம் எண்டு சொல்லப் போறேல்ல, ஏனெண்டா இதில கனக்க எங்கட பிழையளைத்தான் எழுதப் போறன். கொழும்பில இருந்தும் பேராதனையில இருந்தும் கூட இஞ்ச ஆக்கள் வந்து வேலை செய்யினம், அதால ஆர் எண்டு தேடிக் களைக்காதேங்கோ. ஆனா இப்ப வன்னிக்குள்ளயே கம்பஸ் இருக்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கு, பம்பைமடுவில இருந்த வளாகம் 2021 ஆவணியில தனி வவுனியாப் பல்கலைக்கழகமாயிட்டுது. இனி உங்களில கனபேர் இப்படி ஒரு திட்டத்துக்குள்ள வந்து விழப் போறியள். அவைக்காகத்தான் இது.

இடம் ஏ9 றோட்டில மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில உள்ளுக்குப் போற ஒரு ஊர். ஒரு குளம், அதில தண்ணியத் திறந்து பூட்டுற துருசு, அதுக்குக் கீழ வயல், ஊருக்குள்ள நாப்பது நாப்பத்தஞ்சு கிணறு. விவசாயம், பொறியியல், இரசாயனம், சமூகவியல், மருத்துவம் எண்டு அஞ்சு துறையில இருந்து அஞ்சு பெரிய ஆக்கள். முழுநேர ஆராய்ச்சி உதவியாளர் நான் ஒராள்தான், நான் படிச்சது விவசாயம். அஞ்சு மாட்டுக்கு ஒரு மேய்ப்பாள் எண்டு வையுங்கோவன், அதிலயும் ஒவ்வொரு மாடும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும்.

முதல் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில. புரொஜெக்டர் எல்லாம் கொண்டு போனம், கரண்ட் இல்லை. சரி வாயால சொல்லுவம் எண்டு தொடங்கினா, பின்னால இருந்த ஒரு ஐயா எழும்பிக் கேட்டார், "உந்தத் தண்ணிய அளந்து எங்க கொண்டு போகப் போறியள்?"

வெளியில இருந்து வாற ஆக்களுக்கு இது விளங்காது. கனகராயன் ஆறு இந்தப் பக்கத்தாலதான் ஓடி கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குப் போகுது. இரணைமடுத் தண்ணிய யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டு போறது எண்டு ஒரு திட்டம் வந்து, கிளிநொச்சிக் கமக்காரர் எங்களுக்கே சிறுபோகத்துக்குக் காணாது எண்டு எதிர்த்து, வருசக்கணக்கா இழுபட்டு, கடைசியில தாளையடியில கடல் தண்ணிய நன்னீராக்கிற நிலையம் கட்டி 2024 ஆவணியில திறந்தவை. இந்தக் கதை வன்னியில எல்லாக் கமக்காரருக்கும் தெரியும். அதால இஞ்ச ஆரும் குளக்கட்டில ரேப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா முதல் வாற கேள்வி இதுதான், அது நியாயமான கேள்வியும்தான். எங்கட பெரிய ஆக்கள் "இல்லை ஐயா, இது ஆராய்ச்சி மட்டும்தான்" எண்டினம். "மட்டும்" எண்டதைக் கேட்டு ரெண்டு மூண்டு பேர் சிரிச்சவை.

சமூகவியல் சேர்தான் காப்பாத்தினவர். "நாங்கள் அளக்கிறது கிடக்கட்டும், உங்களுக்கு என்ன தெரிய வேணும்?" எண்டு கேட்டார். உடன ஒரு அம்மா, "என்ர கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ எண்டு சொல்லுங்கோ, அது காணும்" எண்டா. எங்கட திட்டத்தில பன்னிரண்டு கிணறு மட்டும்தான் எழுமாறா எடுக்கிறதா இருந்தது. அண்டைக்கே எல்லாக் கிணறும் எண்டு மாத்தினம். கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்கு பட்ஜெட் நினைச்சு முகம் கறுத்துப் போச்சு. ஆனா அந்த மாத்தம் இல்லாட்டி எங்களை ஒருத்தரும் வீட்டு வாசலுக்கு எடுத்திருக்க மாட்டினம்.

தொடங்கின நேரம் வேற பிழை. 2021 ஐப்பசி, காலபோக விதைப்பு. அந்த வருசம் வைகாசியில இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, கார்த்திகையில தடையை எடுத்தவை, ஆனா எடுத்தவுடன யூரியா வானத்தில இருந்து விழேல்ல. வயல் எல்லாம் மஞ்சள் பத்திப் போய்க் கிடந்தது. நாங்கள் என்ன செய்தம் தெரியுமோ, அந்தப் போகத்து விளைச்சலை "அடிப்படை வருசம்" எண்டு எக்செல்லில போட்டம். அடுத்த வருசம் யூரியா கொஞ்சம் கிடைக்க விளைச்சல் கூடிச்சு, எங்கட குழுவில ஒராள் அதைப் பாத்து "எங்கட தலையீட்டால வந்த முன்னேற்றம்" எண்டு ஒரு வரி எழுதி வச்சிருக்கிறார். நல்லகாலம், கமக்கார அமைப்புச் செயலாளருக்கு அந்த அறிக்கையை வாசிச்சுக் காட்டினனான், அவர் "யூரியாவுக்கு ஒரு நன்றி எழுதி விடுங்கோ" எண்டு மட்டும் சொன்னார். அந்த வரி வெட்டுப்பட்டுது. முதல் வருசம் எப்பிடிப்பட்ட வருசம் எண்டு பசளை, மழை, எண்ணெய் விலை எல்லாம் ஒரு பக்கம் எழுதி தரவுக் கோப்போட சேத்து வையுங்கோ, ரெண்டு வருசம் கழிச்சு உங்களுக்கே மறந்து போயிடும்.

2022 பெற்றோல் இல்லாத காலம். கியூஆர் வந்தாப் பிறகு மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். ஊருக்குப் போய் வர ஒருக்காவுக்கே ரெண்டு லீற்றருக்குக் கிட்ட முடியும். கிழமைக்கு மூண்டு தரம் அளக்கிறது எண்ட திட்டம் ஒரு தரமாச் சுருங்கிச்சு. மிச்ச நாளுக்கு ஊரில ஏஎல் எழுதிப்போட்டு இருந்த ரெண்டு பிள்ளையளைப் பழக்கினம். முதலே அப்பிடித்தான் செய்திருக்க வேணும். என்னை விட அவை ஒழுங்கு.

இனி முக்கியமான கதைக்கு வாறன், குழாய்.

வயலில எந்த நேரமும் தண்ணி நிண்டா மண்ணுக்குள்ள காத்துப் போகாது, காத்தில்லாத இடத்தில இருக்கிற நுண்ணுயிர் மீதேனை விடும், அது வெளியில வந்து வளிமண்டலத்தைச் சூடாக்கும். இதைக் குறைக்க நனைச்சுக் காயவிடுற முறை எண்டு ஒண்டை பிலிப்பைன்சில இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் கனகாலமாச் சொல்லி வருது. 30 சென்ரிமீற்றர் பிவிசி குழாய், கீழ்ப் பாதியில துளை. வயலுக்குள்ள தாட்டு, உள்ளுக்குக் கிடக்கிற மண்ணை வழிச்செடுத்து விட்டா, மண்ணுக்குக் கீழ தண்ணி எவ்வளவு இறங்கியிருக்கு எண்டு எட்டிப் பாத்தாலே தெரியும். 15 சென்ரிமீற்றர் இறங்கும் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்து பிறகு தண்ணி விட்டாக் காணும், விளைச்சல் குறையாது, பூக்கிற நேரம் மட்டும் காயவிடப்படாது. தண்ணி 30 சதவீதம் வரைக்கும் மிச்சம் பிடிக்கலாம் எண்டு சொல்லுவினம். கேக்க வடிவாத்தான் இருக்கு.

24 குழாய் தாட்டம். ஊர்ப் பெடியன் ஒருத்தன் கம்பியைச் சூடாக்கி ஒரு பின்னேரத்துக்குள்ள துளை போட்டுத் தந்தவன். முதல் மாசத்துக்குள்ளயே எட்டைக் காணேல்ல. மாடு மிதிச்சது கொஞ்சம், ஒண்டு ஒரு வீட்டில கோழிக்குத் தீன் போடுற குழாயா மாறிக் கிடந்தது, அந்த வீட்டுக்காரி என்னைக் கண்டோடன "பிள்ளை, துளை அளவா இருந்தது" எண்டு சொல்லிச் சிரிச்சா. பிறகு குழாய்த் தலைக்கு மஞ்சள் பெயின்ற் அடிச்சு, ஒவ்வொண்டிலயும் வயல்காரரின்ர பெயரை எழுதினம். அதுக்குப் பிறகு ஒண்டும் காணாமல் போகேல்ல. நம்பர் எழுதேக்க எங்கட குழாய், பெயர் எழுதினா அவையின்ர குழாய்.

வாய்க்கால் கடைசி வயல் ஒரு அம்மாவின்ர. தனிய நிண்டு ஒண்டரை ஏக்கர் செய்யிறா. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தா. "பிள்ளை, உன்ர குழாய் இண்டைக்குத் தண்ணி கேக்குது. துருசு புதன்கிழமைதான் திறக்கும். நான் ஆற்ற சொல்லைக் கேக்கிறது?"

வரம்பில குந்தி இருந்து யோசிச்சனான். எங்கட முறை தண்ணி நினைச்ச நேரம் வரும் எண்டு நினைச்சுக்கொண்டு செய்த முறை. பம்பு வச்சிருக்கிற ஆளுக்குச் சரி. குளத்துக்குக் கீழ வயலுக்கு வயல் நாள் குறிச்சு முறை போட்டுத் தண்ணி விடுற இடத்தில, குழாய் என்ன சொன்னா என்ன, உங்கட முறை வாற நாள்தான் நாள். அதோட அடுத்த முறை கட்டாயம் வருமோ எண்டு ஒருத்தருக்கும் நிச்சயம் இல்லை, அதால வாற நேரம் வரம்பு முட்ட நிரப்பி வைக்கினம். கையில இருக்கிற தண்ணிதான் தண்ணி. இதை "விவசாயிகளின் நீர் விரயம்" எண்டு எங்கட முதலாம் வருச அறிக்கையில எழுதி இருக்கு, எழுதினது நான்தான்.

சமூகவியல் சேர் வந்து பாத்துப்போட்டு இன்னொரு கேள்வி கேட்டார், "தண்ணி வத்தினா களை வருமே, அதை ஆர் பிடுங்குறது?" எக்செல்லில தண்ணிக்கு நிரல் இருக்கு, பசளைக்கு இருக்கு, நெல்லுக்கு இருக்கு. களை பிடுங்கின ஆள்நாளுக்கு இல்லை. விவசாயம் படிச்ச எனக்கு அது வராமல் போனது வெக்கம்தான். வயல் காய கோரை எழும்பும், மருந்து விலை ஏறிக் கிடக்கு, கையால பிடுங்கிற பெண்டுகளுக்கு நாள்க்கூலி. அந்த அம்மா கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லாமல் தானே விடிய அஞ்சு மணிக்கு இறங்கிப் பிடுங்குவா. எங்கட கணக்கில அது பூச்சியம் ரூபா. தண்ணி மிச்சம், செலவு கூடேல்ல, முறை வெற்றி எண்டு எக்செல் சொல்லுது, அவ நாரிப் பிடிப்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிறா.

அங்கால கெமிஸ்ட்ரி மிஸ் ஒரு குண்டு போட்டா. நனைச்சு நனைச்சுக் காயவிட மீதேன் குறையும், ஆனா யூரியா போட்ட மண் அப்பிடி மாறி மாறிக் கிடந்தா நைதரசு ஒட்சைட்டு கூடும், அது மீதேனை விடப் பொல்லாத வாயு. எங்களிட்ட ரெண்டையும் அளக்க வசதி இல்லை. இருந்தும் திட்டத் தலைப்பில "வாயு வெளியேற்றம்" எண்டு ஒரு சொல் இருந்தது. அதை எடுக்க மூண்டு மாசம் கூட்டம் வச்சு அடிபட்டம், காசு தாற ஆக்களுக்கு அந்தச் சொல்தான் பிடிச்சதாம். கடைசியில எடுத்தாச்சு. அளக்காததை எழுதாதேங்கோ, தலைப்பிலயும் எழுதாதேங்கோ.

துருசு திறக்கிற ஐயாவைப் பற்றிச் சொல்ல வேணும். எழுபது தாண்டியிருக்கும். தகரப் பெட்டிக்குள்ள சிஆர் கொப்பி நாலைஞ்சு வச்சிருக்கிறார். திகதி, குளத்தில எத்தினை அடி எத்தினை அங்குலம், துருசு திறந்த நேரம், பூட்டின நேரம், மழை எண்டா "நல்ல மழை", "தூறல்", ஒரு இடத்தில "பேய் மழை". 2018 மார்கழி வெள்ளத்துக்கு ஒரு முழுப் பக்கம். பதினொரு வருசக் கணக்கு. எங்கட பொறியியல் பெடியள் குளத்துக்கு நீர்மட்டம் அளக்கிற சென்சர் ஒண்டு பூட்டினவை, மேல இருந்து ஒலி விட்டு அது தண்ணியில பட்டுத் திரும்பி வாற நேரத்தை வச்சு அளக்கிறது, போனுக்கே தரவு வரும். நாப்பது நாள் சோக்கா வேலை செய்தது. பிறகு ஒரு நாள் பாத்தா, நல்ல வெயிலுக்க குளம் வான் பாயுது எண்டு தரவு சொல்லுது. போய்ப் பாத்தா சென்சரின்ர வாயில குளவி மண்கூடு கட்டி வச்சிருக்கு.

இதைக் கேட்டோடன "பாத்தீங்களோ, மெசினை விட ஐயாவின்ர கொப்பிதான் திறம்" எண்டு கதை முடிக்கப் பாப்பியள். பொறுங்கோ. அந்த நாப்பது நாளை கொப்பியோட ஒப்பிட்டுப் பாத்தம். கொப்பியில அஞ்சு நாள் அப்பிடியே ஒரே அளவு, சென்சரில அந்த நாளெல்லாம் தண்ணி இறங்கியிருக்கு. ஐயாவிட்ட எப்பிடிக் கேக்கிறது எண்டு ரெண்டு நாள் தயங்கினன். கேட்டன். அவர் ஒரு கூச்சமும் இல்லாமல், "மகளின்ர வீட்டை போய் நிண்டனான் மேனை, கொப்பி வெறுமையாக் கிடக்கப்படாது எண்டு முதல் நாள் கணக்கைப் போட்டு விட்டன்" எண்டார். பிறகு தானே சிவப்புப் பேனை எடுத்து, பழைய கொப்பிகளில தனக்கு ஞாபகம் வந்த அப்பிடியான நாள்களுக்குப் புள்ளி போட்டுத் தந்தார். சென்சர் இல்லாட்டி அதைக் கேக்கவே தோணியிராது, கொப்பி இல்லாட்டி குளவி கட்டின பிறகு எங்களிட்ட ஒண்டும் இருந்திராது.

அதை விடப் பெரிய பிழை பூச்சியத்தில இருந்தது. ஐயா "ஆறு அடி" எண்டு எழுதினா அது துருசு வாசல் படியில இருந்து ஆறு அடி. படிக்குக் கீழ கிடக்கிற தண்ணி வயலுக்கு வராது, மாட்டுக்கும் மீனுக்கும்தான், அதை அவர் கணக்கெடுக்கிறதே இல்லை. பொறியியல் பெடியளின்ர பூச்சியம் குளத்தின்ர ஆகப் பள்ளமான இடம். நான் ரெண்டையும் ஒரே நிரலில போட்டு ஒரு கிராப் கீறி, சிறுபோகக் கூட்டத்துக்கு முதல் நாள் ஐயாவுக்குக் காட்டினன். குளத்தில இவ்வளவு தண்ணி கிடக்கு, இன்னும் கொஞ்ச ஏக்கர் கூட விதைக்கலாம் எண்டு அந்தக் கிராப் சொல்லுது. அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுத் திரும்பப் பாத்தார். "இவ்வளவு தண்ணி எங்கயடி பிள்ளை கிடக்கு?" பேந்து என்னைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தடியால அந்தப் படியைக் காட்டினார். அடுத்த நாள் நான் அந்தக் கிராப்போட கூட்டத்துக்குப் போயிருந்தா, அதை நம்பிப் பங்கு கூட்டி விதைச்சு, ஆடி மாசம் கதிர் வாற நேரம் தண்ணி இல்லாமல் நிண்டிருப்பினம். இண்டைக்கும் நினைச்சா வயித்துக்க என்னவோ செய்யும். ரெண்டு துறைக்காரர் ஒரே பொருளை அளந்தா, முதல் "உங்கட பூச்சியம் எங்க" எண்டு கேளுங்கோ. அடி, மீற்றர் மாத்திறது லேசு. பூச்சியம் மாறிக் கிடந்தா ஒருத்தருக்கும் தெரியாது.

கிணத்துக் கதை. இரசாயனப் பக்கத்தில நான் பழகினது எல்லாம் அடிபட்டுப் பழகினதுதான். நைத்திரேற்றுக்கு எடுக்கிற தண்ணியக் குளிரில வச்சு ரெண்டு நாளுக்குள்ள லாப்புக்குக் கொண்டு போக வேணும். உலோகம் பாக்கிறதுக்கு வேற போத்தல், அதுக்கு நைத்திரிக் அமிலம் விட வேணும். புளோரைட்டுக்குக் கண்ணாடிப் போத்தல் சரிவராது, பிளாஸ்ரிக்தான். எந்தப் போத்தலையும் அதே கிணத்துத் தண்ணியால மூண்டு தரம் அலசிப் போட்டு நிரப்புறது, அமிலம் முதலே விட்ட போத்தலை மட்டும் அலசப்படாது. இது எல்லாம் தெரியும். ஐஸுக்கு எங்க போறது? முல்லைத்தீவில இருந்து மீன் கொண்டு வாற வான்கார அண்ணையிட்ட வாங்கி ரிஜிபோம் பெட்டிக்குள்ள போட்டம். பின்னேரம் லாப்பில திறந்தா ஐஸ் உருகி, மீன் மணத்தோட தண்ணிக்குள்ள பத்தொன்பது போத்தல் மிதக்குது, மாக்கரில எழுதின பெயர் ஒண்டும் இல்லை. முழுசாத் திரும்ப எடுத்தம், அந்தக் கிழமைப் பெற்றோலும் சரி. இப்ப நான் பென்சிலால எழுதி மேல செலோடேப் ஒட்டுவன், மூடியில எழுதவே மாட்டன், ஏனெண்டா மூடி மாறும். ஐஸைப் பொலித்தீன் பையில கட்டித்தான் பெட்டிக்குள்ள வைப்பன். தண்ணியில உப்பு எவ்வளவு எண்டு காட்டுற மின்கடத்துதிறன் மீற்றரைக் காலமை 1413 எண்டு அளவு தெரிஞ்ச கரைசலில சரி பாக்காமல் வீட்டை விட்டு வெளிக்கிடவும் மாட்டன்.

ஒரு வீட்டு அம்மா கேத்திலைக் கொண்டு வந்து காட்டினா, அடியில வெள்ளையா அரை விரல் தடிப்புக்குப் படிஞ்சு கிடக்கு. "இதுதானே பிள்ளை கிட்னியைப் பழுதாக்கிறது?" அவவின்ர பயம் விளங்குது. வடமத்தியில தொண்ணூறுகளில இருந்து பேசப்படுற, காரணம் இன்னும் முடிவாகாத அந்தச் சிறுநீரக நோய், வவுனியா முல்லைத்தீவுப் பக்கமும் ஆக்களுக்கு வந்திருக்கு. ஆனா கேத்திலில படியிறது கூடுதலாக் கல்சியம் காபனேற்று, தண்ணியின்ர வன்மை. புளோரைட்டு கண்ணுக்குத் தெரியாது, கொதிக்க வச்சாலும் போகாது, தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும். எங்களுக்கு ஆச்சரியமா இருந்தது என்னெண்டா, ஊரில எல்லாரும் "நல்ல தண்ணி" எண்டு குடம் கொண்டு போற ருசியான கிணறு ஒண்டில கேத்தில் படிவு இல்லை, புளோரைட்டு மட்டும் இலங்கைத் தர அளவான லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டி இருந்தது. கெமிஸ்ட்ரி மிஸ் ஆச்சரியப்படேல்ல, கல்சியம் குறைஞ்ச தண்ணியில புளோரைட்டு கூட நிக்கும் எண்டா. இந்தப் பக்கத்து நிலத்துக்கு அடியில கிடக்கிற பழைய பாறைக்கே புவிச்சரிதவியல்காரர் வன்னித் தொகுதி எண்டுதான் பெயர் வச்சிருக்கினம், அந்தப் பாறையில இருந்துதான் புளோரைட்டு ஊறி வருது. பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர பல்லில காவி பிடிச்சிருக்கிறதை டொக்டர் ஏற்கனவே பாத்து வச்சிருந்தவர்.

அந்த டொக்டர்தான் ஒரு விசயத்தில கடுமையா நிண்டவர். எந்தக் கிணத்தையும் காட்டி "இதாலதான் நோய்" எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது, காரணம் உலகத்துக்கே தெளிவாத் தெரியேல்ல எண்டார். முடிவை மண்டபத்தில வாசிக்கவும் விடேல்ல. அந்த வீட்டுக் கிணறு கூடாது எண்டு ஊரில பெயர் வந்தா காணி விலையில இருந்து கலியாணப் பேச்சு மட்டும் போய் முட்டும். வீட்டுக்கு வீடு கடித உறையில வச்சுக் குடுத்தம், தமிழில, குடிக்கலாம், சமைக்கலாம், தோட்டத்துக்கு மட்டும் எண்டு மூண்டு வரி.

கேள்விக்கொத்து பதினாலு பக்கம். மூண்டாவது கேள்வி "குடும்ப அங்கத்தவர் எத்தனை பேர்". ஒரு வீட்டில திண்ணையில இருந்து கேட்டன். அந்த அம்மா என்னைப் பாத்து, "இப்பவோ, முந்தியோ?" எண்டா. நானும் 2009ல பதினொரு வயசில வெளியில வந்த பிள்ளைதான், கேட்டிருக்கக் கூடாது எண்டு எனக்கே தெரிஞ்சிருக்க வேணும். பேனையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். அவ எழும்பிப் போய்ப் பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வந்தா, மிச்சக் கேள்வி ஒண்டும் கேக்கேல்ல, மாமரத்தைப் பற்றிக் கதைச்சுப்போட்டு வந்தன். பின்னேரம் சேரிட்டச் சொன்னன். அவர் அந்தக் கேள்வியை வெட்டிப்போட்டு, கடைசிப் பக்கத்தில "இந்தக் கிணத்துத் தண்ணிய இப்ப எத்தனை பேர் குடிக்கிறீங்கள்" எண்டு மாத்தினார். யோசிச்சுப் பாத்தா எங்கட ஆராய்ச்சிக்கு வேண்டினது அது மட்டும்தான். எதிக்ஸ் குழு அனுமதி தந்த கேள்விக்கொத்து எண்டதால மாத்தத்துக்குத் திரும்ப அனுமதி எடுக்க வேண்டி வந்தது, அதில ஒரு போகம் போச்சு. நெல்லு எதிக்ஸுக்காகக் காத்துக்கொண்டு நிக்காது, புரோபோசல் எழுதேக்கயே ஊரில ரெண்டு வீட்டில கேட்டுப் பாத்துப்போட்டு அனுமதிக்குப் போடுங்கோ.

மண் துளைக்கிறது பற்றி ஒரு வரி. காட்டுக்கரையில ஓகர் இறக்க முதல் கிராம சேவையாளரிட்டயும் ஊர் ஆக்களிட்டயும் மிதிவெடி எடுத்த இடமோ எண்டு கேட்டு எழுதி வச்சுக்கொள்ளுங்கோ. ஜிபிஎஸ் புள்ளி வடிவா விழுந்திருக்கு எண்டு போகாதேங்கோ.

குழாய்க்குத் திரும்ப வாறன். ரெண்டாம் வருசம் ஒண்டு கவனிச்சம். குளத்துக்குக் கிட்ட இருக்கிற பள்ள வயல்களில குழாய் வத்துறதே இல்லை, கட்டால ஊறுற தண்ணியும் மேட்டால கசியிறதும் சேந்து எப்பவும் ஈரம். கடைசியில இருக்கிற மேட்டு வயல்களில நாலாம் நாளே 15 தாண்டும். முறை மட்டும் எல்லாருக்கும் ஒண்டு. அப்ப கமக்கார அமைப்புக் கூட்டத்தில அந்தக் கடைசி வயல் அம்மாவே எழும்பிக் கேட்டா, "அவையின்ர குழாய் நிறைஞ்சு கிடக்கேக்க அவையின்ர முறையை எனக்குத் தந்தால் என்ன?" கொஞ்ச நேரம் சத்தம். தந்தா பிறகு உரிமை போயிடுமோ எண்டு ஒராளுக்குப் பயம், அதுவும் நியாயம். துருசு ஐயா தன்ர கொப்பியில "இன்னார் இன்னாருக்கு ஒரு முறை" எண்டு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கிறது, அடுத்த போகம் கணக்குப் பாக்கிறது எண்டு முடிஞ்சுது. 2023 சிறுபோகம் அப்பிடி ஆறு பேர் மாத்திக்கொண்டவை. மீதேனுக்கு எண்டு கொண்டு வந்த குழாய் கடைசியில முறை மாத்தத்தான் உதவிச்சு. கோரைக்கு மட்டும் இன்னும் ஒரு வழியும் இல்லை.

கடைசிக் கூட்டத்துக்குப் பெரிய போஸ்டர் அடிச்சுக் கொண்டு போனம், ஒருத்தரும் கிட்டப் போகேல்ல, பிள்ளையள் மட்டும் அதில தங்கட குளத்துப் படத்தைத் தேடிச்சினம். ஊர்ச் சங்கம் நடத்திற, தண்ணியில இருந்து உப்பைப் பிரிச்செடுக்கிற ஆர்ஓ தண்ணி நிலையத்தில இருந்து வெளியில போற கழிவுத் தண்ணியைப் பற்றித்தான் கேள்வி வந்தது. அது பக்கத்து வளவு வாழைக்குள்ள போகுது, இலைக்கரை எல்லாம் எரிஞ்ச மாதிரிக் கருகிக் கிடக்கு. அளந்து பாத்தா மின்கடத்துதிறன் கிணத்துத் தண்ணியை விட ரெண்டு மடங்கு. தென்னை எண்டா உப்பைக் கொஞ்சம் தாங்கும், வாழை தாங்காது எண்டு நான் சொன்னன், கான் வெட்டி விடலாம் எண்டு பொறியியல் சேர் சொன்னார், விட்டா அது திரும்ப எங்க ஊறும் எண்டு மிஸ் கேட்டா, கான் ஆற்ற காணிக்குள்ளால போறது எண்டு சமூகவியல் சேர் கேட்டார். திட்டக் காசு முடிஞ்சு ரெண்டு மாசத்துக்குப் பிறகுதான் நாங்கள் அஞ்சு துறையும் ஒரு கேள்வியை ஒண்டா இருந்து கதைச்சம் எண்டு நினைச்சுச் சிரிப்பு வந்தது. அந்தக் கழிவுத் தண்ணி இன்னும் அந்த வளவுக்குள்ளதான் போகுது. வாழையை வெட்டிப்போட்டுத் தென்னம்பிள்ளை வச்சிருக்கினம், எழும்புமோ தெரியாது.

போன கிழமை துருசு ஐயா போன் எடுத்தவர். தண்ணி, மழை எல்லாம் கதைச்சு முடிச்சுப்போட்டு வைக்கப் போற நேரம் சொன்னார், "மேனை, கொப்பி முடிஞ்சுது. வரேக்க சிஆர் கொப்பி ஒண்டு வாங்கியண்டு வா. இனி மூண்டு கோடு கூடப் போட வேணும், அகலமானதாப் பாத்து வாங்கு."